பின் டயருக்கு ஏத்த ஆள்

நான்தான் குச்சி பேசறேன். வயசு இருபத்தி நாலு. இருக்கறது முதலாளி வீட்டு கார் ஷெட்டுல, காருக்குள்ள, ரெண்டு கண்ணாடியையும் ஏத்தி விட்டுட்டு. அக்கா, இதை நான் கையால அடிக்கலை, பேசறேன், போன் எழுதிக்குது. முன்னுக்குப் பின்னா வந்தா கோவிச்சுக்காத. மாமா பக்கத்துல இருந்தா அவரும் படிக்கட்டும், ஆனா நடுவுல சிரிக்கக்கூடாதுன்னு சொல்லிடு. அம்மாவுக்கு நீ முழுசா படிச்சு முடிச்சப்புறம் பக்குவமா சொல்லு.

நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். வழக்கமா சொல்ற மாதிரி சொல்லலை, நிஜமாவே நிறைய சாப்பிட்டேன். ஏன்னு சொல்றேன்.

நான் இங்க டிரைவர்னு உங்களுக்குத் தெரியும். தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. இங்க டிரைவருக்குன்னு தனியா அனுமதி கிடையாது. அனுமதி வண்டிக்குத்தான். ஸ்டெப்னி, ஜாக்கி மாதிரி டிரைவரும் வண்டியோட சேர்ந்த சாமான். எங்க வண்டியில ஸ்டெப்னியும் இல்ல, ஜாக்கியும் இல்ல, சேர்ந்த சாமான்னு இருக்கறது நான் ஒருத்தன்தான். வருஷப் பரிசோதனையில வண்டி பாஸானா நான் அடுத்த வருஷமும் இருக்கலாம். ஃபெயிலானா வண்டி நசுக்கற மிஷினுக்குப் போகும், நான் ஏர்போர்ட்டுக்குப் போவேன். திரும்ப உள்ள விடமாட்டாங்க. இது வரைக்கும் புரிஞ்சுதா? இதுக்காகத்தான் எல்லாம் பண்ணினேன்.

வண்டி சாதாரண வண்டி இல்ல. தரையைத் தடவிக்கிட்டே போகும். ரெண்டே சீட்டு. வண்டி விலைக்கு நம்ம தெருவையே வாங்கலாம்னு சொன்னேனே, அதே வண்டிதான். முன் டயரை விட பின் டயர் அகலமா இருக்கும். முன்னாடி இருநூத்தி நாப்பத்தஞ்சு, பின்னாடி இருநூத்தி தொண்ணூத்தஞ்சு. மில்லிமீட்டர் கணக்கு. ஓடறதுக்கு சக்தி எல்லாம் பின் சக்கரத்துக்குப் போறதால அது அகலமா நின்னு தரையைப் பிடிக்கணும்.

முதலாளி போன மழைக்காலத்துல போயிட்டாரு. ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சவரு நிமிரலை. உங்ககிட்ட அப்பவே சொன்னேன், முகம் தெரியாத மனுஷனுக்கு அம்மா அழுதாங்க.

அவர் இருந்தப்போ பாதி நாள் அவரே ஓட்டுவாரு, நான் பக்கத்து சீட்டுல. அவர் போனப்புறம் வண்டியில நான் மட்டும்தான். சாவி அவரோட சாவி. அதைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுக் கதவைத் திறந்தாலே சீட்டு தானா பின்னாடி போகும், ஸ்டியரிங் இறங்கும், கண்ணாடி மேல திரும்பும். எல்லாம் அவர் உசரத்துக்கு. இது வண்டியோட வசதி, வேற ஒண்ணும் இல்ல, வண்டியோட புஸ்தகத்துலயே போட்டிருக்கு. தினமும் நான் எனக்குத் தகுந்த மாதிரி மாத்துவேன். மறுநாள் கதவைத் திறந்தா, முதல்ல அவர் உட்கார இடம் பண்ணிக்கொடுத்துட்டுத்தான் என்னைப் பார்க்கும். ரெண்டாவது ஆளோட அளவைப் பதிஞ்சு வெக்கன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா உள்ள எங்கேயோ பெருமூச்சு விடற மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

முதலாளியம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. விக்கலாமேன்னு எல்லாரும் சொன்னாங்க. "தம்பி, நீ சாயங்காலம் ஒரு சுத்து சுத்திட்டுக் கொண்டுவந்து விடு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது சாயும்"னாங்க. அதனால தினமும் சாயங்காலம் வெறும் வண்டியை ஓட்டிட்டுப் போய், வெறும் வண்டியாவே கொண்டுவருவேன். ஷெட்டுல நிறுத்தினதும் உள்ள டிவியை அணைக்கிற சத்தம் கேக்கும்.

இப்படி ஓடிட்டு இருந்தப்போ பரிசோதனை வந்துச்சு.

பரிசோதகர் டார்ச்சோட கீழ படுத்தாரு. அப்புறம் "இங்க வா"ன்னாரு. நானும் பக்கத்துல படுத்தேன். பின் டயரை வெளிய இருந்து பார்த்தா புதுசு மாதிரி இருக்கு அக்கா. உள்பக்கம் கம்பி பல்லைக் காட்டுது. இந்த மாதிரி வண்டியில பின் சக்கரம் மேல கொஞ்சம் உள்பக்கமா சாஞ்சு நிக்கும், அதனால உள் ஓரம் மட்டும் தேஞ்சு போகும், யாருக்கும் தெரியாது.

"பின் டயர் ரெண்டையும் மாத்து. அகல ஒப்புதல் வாங்கு. அப்புறம் வா."

"அகல ஒப்புதல்னா என்னங்க?"

அவர் எழுந்து முதுகைத் தட்டிக்கிட்டாரு. டார்ச்சை அணைச்சுட்டாரு.

டயர்க்கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன், பேச ஆள் கிடைச்சா டீயை மறந்துடுவாரு.

"அண்ணே, இதே டயர் ரெண்டு வேணும்."

"இதேவா? இதைத் தயார் பண்றதை நிறுத்தி எவ்வளவோ காலம் ஆச்சு. உன் வண்டி காலுல கிடக்கறதுதான் கடைசி."

"வேற கம்பெனியில இருநூத்தி தொண்ணூத்தஞ்சு?"

"இருக்கு. ஆனா அது வேற தொண்ணூத்தஞ்சு."

"தொண்ணூத்தஞ்சுல என்னண்ணே வேற தொண்ணூத்தஞ்சு?"

"அடப் போப்பா, ஒவ்வொரு கம்பெனி டயருக்கும் உடல்வாகு வேற. அந்தக் கம்பெனி தொண்ணூத்தஞ்சுக்குத் தோள் பெருசு. உன் வண்டியில மாட்டினா உள்ள உரசும். இந்தக் கம்பெனி முந்நூத்தி அஞ்சைப் பாரு, நம்பர்தான் பெருசு, தோள் சின்னது, கச்சிதமா உட்காரும். உசரமும் ஒரு விரல் கனம் கூட ஏறாது. ஏறினா முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஒத்துப்போகாம வண்டிக்கு மூளை குழம்பும்."

"அப்போ இருநூத்தி எண்பத்தஞ்சு போட்டா?"

அவர் மூஞ்சியைப் பார்க்கணுமே. "போடலாம். கல்யாணத்துக்குத் தம்பி சட்டையைப் போட்டுட்டுப் போற மாதிரி போடலாம்."

"மழையில எப்படிண்ணே இந்த முந்நூத்தி அஞ்சு?"

"தேங்கின தண்ணி மேல அகல டயர் ஏறி மிதக்கும். மெதுவாப் போகணும்."

"முதலாளி மெதுவாப் போகமாட்டாருண்ணே."

கடைக்காரர் தரையைப் பார்த்தாரு. "அவர்தான் இல்லையேப்பா"ன்னாரு. "ஆமா இல்ல"ன்னேன்.

டயரை எடுத்து வெக்கச் சொல்லிட்டு, அகல ஒப்புதல் எங்க வாங்கறதுன்னு கேட்டேன். சக்கர அகல ஒப்புதல் வாரியம்னாரு. "போயிட்டு வா. போறவங்க யாரும் வராம இருக்கறதில்ல. வந்தது போனவங்கதானான்னு மட்டும் என்னைக் கேக்காத"ன்னு சொல்லி, ஆறின டீயை எடுத்துக் குடிச்சாரு. ஏதோ தமாஷ்னு நினைச்சேன்.

வாரியம் இருக்கற கட்டடத்துல வாசல் பெருசு. உள்ள போகப்போக நடைபாதை ஒடுங்கிட்டே போகும். கடைசியில பக்கவாட்டுலதான் நடக்கணும். சுவர் முழுக்க இதுவரைக்கும் இருந்த தலைவர்களோட படம். எல்லாப் படமும் ஒரே அகலம். முகம் பெருசா இருந்தவங்களை ஓரத்துல வெட்டிட்டாங்க. ஒரு தலைவருக்கு ரெண்டு காதும் இல்ல. ஒருத்தர் முகம் சின்னது போல, ரெண்டு பக்கமும் வேற யாரோட கன்னத்தையோ ஒட்டி நிரப்பியிருக்காங்க.

மூணு ஜன்னல் இருந்துச்சு. ஒடுக்கம், அசல், அகலம்னு போர்டு. நான் அகலம் ஜன்னலுக்குப் போனேன். அங்க இருந்த அம்மா, "அசல் கிடைக்கலைன்னு அசல் ஜன்னல்ல சொல்லச் சொல்லு, அப்புறம் வா"ன்னாங்க. அசல் ஜன்னலுக்குப் போனேன்.

"அசல் இல்லைன்னு நாங்க சொல்ல முடியாது"ன்னாரு அங்க இருந்தவரு.

"தயாரிக்கறதையே நிறுத்திட்டாங்க சார்."

"அது அவங்க பிரச்சனை. அசல் எப்பவும் உண்டு. உன் கண்ணுக்குப் படலைன்னா அது உன் குறை."

"இப்போ நான் என்ன பண்றது சார்?"

"ஒடுக்கம் ஜன்னல்ல யாரும் வர்றதே இல்ல. அங்க உட்காரு. யாராவது கூப்பிடுவாங்க."

ஒடுக்கம் ஜன்னலுக்குள்ள ஒருத்தரும் இல்ல. நாற்காலி முதுகுல ஒரு கோட்டு மட்டும் தொங்குச்சு. அந்தக் கோட்டு முன்னாடி நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மூத்த அதிகாரி கூப்பிட்டாரு. தையல்காரர் மாதிரி கழுத்துல அளவு டேப் தொங்கவிட்டிருந்தாரு. நான் மனசுக்குள்ள அவருக்கு டேப்புன்னு பேரு வெச்சேன். மரியாதையா பேசக்கூடியவரு. அதுதான் பயமா இருந்துச்சு.

"தம்பி, டயரைத் தனியா அளக்கறது பெரிய அநியாயம்"னாரு. "பாரம் ஏறினாத்தான் டயர் வயிறு தெரியும். பாரம்னா கண்ட பாரம் இல்ல, பதிவான பாரம். பதிவான ஆள் சீட்டுல உட்காரணும். அப்போ அளப்போம்."

"பதிவான ஆள் முதலாளிங்க. அவர் செத்துட்டாரு."

"கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு." டேப்பை ஒருவாட்டி சுருட்டி விரிச்சாரு. "எடை குறைஞ்சதா தகவல் எதுவும் வரலையே?"

"இல்லைங்க... செத்தா எடை..."

"குறையாது, இல்லையா? அப்போ எங்களைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணும் மாறலை. எப்போ கூட்டிட்டு வர்றே?"

அவரே எனக்குத் தண்ணி கொடுத்தாரு. நிஜமாவே கொடுத்தாரு அக்கா, டம்ளரை அளந்து பார்க்காமலே.

"வெளிய என்ன பேசறாங்கன்னு தெரியும்"னாரு. "இந்த வாரியம் விபத்தைத் தடுக்க இருக்குன்னு நினைக்கறாங்க. அதுக்கு வேற ஆபீஸ் இருந்துச்சு, நேர் எதிர்ல. பூட்டிட்டாங்க, விபத்து நிக்கலைன்னு. நாங்க அளவுக்கு இருக்கோம். நான் சேர்ந்த நாள்ல இருந்து ஒரு டயர் கூட எங்க அளவைத் தாண்டினதில்ல. தாண்டின டயருக்கெல்லாம் அளவைத் தள்ளி வெச்சுக் கொடுத்திருக்கேன். பெருமைக்குச் சொல்லலை."

அப்புறம் அவரே வழி சொன்னாரு. முன்னெல்லாம் ஆள் வர முடியலைன்னா அந்த எடைக்கு மணல் மூட்டை வெப்பாங்களாம். போன வருஷம் ஒரு மணல் மூட்டைக்கு ஞாபக மறதியில எல்லா ஒப்புதலும் கொடுத்துட்டாங்களாம். அது இப்போ ஒரு வீட்ல இருக்காம், சந்தோஷமா இருக்கறதாக் கேள்வியாம். அதனால மூட்டையை நிறுத்திட்டாங்க. இப்போ மாற்று ஆள்தான்.

"மாற்று ஆள் அசலை விட நூத்துக்கு மூணுக்கு மேல கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எடையில, அகலத்துல, சாயற பக்கத்துல."

"இது டயர் விதி மாதிரி இருக்கே சார்."

"டயர் விதியேதான். மனுஷனுக்குத் தனியா விதி எழுத ஆள் போடலை."

எழுந்து வந்து டேப்பால என் இடுப்போட அகலத்தை அளந்தாரு. ஆபீஸே எட்டிப் பார்த்துச்சு. "நூத்தி எண்பத்தஞ்சு"ன்னாரு. ஜன்னல் அம்மா "ஐயோ பாவம்"னாங்க. நூத்தி எண்பத்தஞ்சு சின்ன வண்டிக்குப் போடற டயராம்.

வீட்டுக்கு வந்து முதலாளியம்மாகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க நேரா போய் பீரோவைத் திறந்தாங்க.

"உட்காரு தம்பி"ன்னாங்க. "முட்டை எத்தனை போடட்டும்?"

அன்னையில இருந்து சாப்பாடு அக்கா. முட்டை, பால், கறி, வெண்ணெய். அவர் நாற்காலியில உட்காரச் சொன்னாங்க, ஏன்னா என் ஸ்டூல்ல உட்கார்ந்தா வயிறு மடங்கி அளவு தப்பும்னு. சாப்பிடறப்போ பேப்பரை சத்தமாப் படிப்பாங்க. எனக்கு இந்த ஊர் அரசியல் ஒண்ணும் புரியாது. "நான் அப்பவே சொன்னேன் இல்ல, இவன் ஜெயிக்கமாட்டான்னு"ம்பாங்க. என்கிட்ட எப்பவும் சொன்னதில்ல. "ஆமாங்க"ம்பேன்.

பீரோவுல இருந்த அவரோட கோட்டைக் கொடுத்தாங்க. முதல்ல ஹேங்கர்ல தொங்கற மாதிரி இருந்துச்சு. அவர் ஷூவுக்குள்ள துணி வெச்சுப் போட்டேன். "அவர் ஓட்டறப்போ கதவு மேல முழங்கையை வெப்பாரு. கழுத்தைக் கொஞ்சம் சாய்ப்பாரு. அப்படி இல்ல. இன்னும் கொஞ்சம். ம்ம்." அந்த ம்ம் சொல்றப்போ அவங்க குரல் வேற மாதிரி ஆயிடும்.

நடுநடுவுல வாரியத்துக்குப் போய் எடை பார்த்துட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் நடைபாதையில இன்னும் முன்னாடியே பக்கவாட்டுல திரும்ப வேண்டியிருந்துச்சு. வாசல்ல இருக்கற காவலாளி முதல்ல "ஏய்"னு கூப்பிட்டவரு, அப்புறம் "என்னப்பா"ன்னாரு, அப்புறம் எழுந்து நிக்க ஆரம்பிச்சாரு.

ஒரு நாள் காலையில கதவைத் திறந்தேன். சீட்டு பின்னாடி போச்சு, ஸ்டியரிங் இறங்குச்சு, கண்ணாடி திரும்புச்சு. உட்கார்ந்தேன். மாத்தறதுக்குக் கையை நீட்டினேன். மாத்த எதுவும் இல்ல.

அக்கா, அப்பவே உன்னைக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டா நீ என்னை வீடியோவுல பார்த்து பயந்துடுவேன்னு விட்டுட்டேன். அதனாலதான் இத்தனை நாளா கேமரா ரிப்பேர்னு சொன்னேன்.

டயர் மாட்ட கடைக்குப் போனேன். "வாங்க சார், எந்த வண்டி?"ன்னாரு கடைக்காரர்.

"அண்ணே, நான்தான் குச்சி."

"குச்சியா!" தொடையைத் தட்டிச் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே என் முகத்தைப் பார்த்தாரு. சிரிப்பு பாதியில நின்னு போச்சு. அப்புறம் ரெண்டு டயரையும் மாட்டி முடிக்கற வரைக்கும் அவர் வாயே திறக்கலை. டீ சொல்லக்கூட இல்ல.

அளக்கற நாள் வந்துச்சு. வாரியத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய கொட்டகை, சிமெண்ட் தரை. வண்டியை உள்ள விட்டேன். எல்லாரும் எழுந்து நின்னாங்க. டேப்பு முன்னாடி வந்து கதவுப் பக்கம் குனிஞ்சாரு.

"வாங்க சார். உடம்பு பரவாயில்லையா?"

"சார், நான் டிரைவர்."

"டிரைவர் வரலையா?"

"நான்தான் சார் டிரைவர்."

"நாங்க ஒரு சீட்டுதான் அளக்கறோம் சார். நிம்மதியா சாஞ்சுக்கங்க."

முழங்கையைக் கதவு மேல வெச்சேன். கழுத்தைச் சாய்ச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றே? ஒரு வருஷ அனுமதி அந்தக் கழுத்துல தொங்குது. டேப்பு டயருக்குப் பக்கத்துல முட்டி போட்டு, வயிறு பிதுங்கற இடத்துல ஒருவாட்டி, தரையைத் தொடற இடத்துல ஒருவாட்டி அளந்தாரு. அப்புறம் ரொம்ப நேரம் எழுந்திருக்கலை.

"சரியா இருக்கு"ன்னாரு. செத்த வீட்ல பேசற குரல்ல சொன்னாரு.

பழைய டயருக்கு இருந்த அளவு அப்படியே வந்திருக்கு, மயிரிழை மாறலை. கடைக்காரர் சொன்ன மாதிரியே. ஆனா டயர் மேல எழுதியிருக்கற நம்பர் முந்நூத்தி அஞ்சு. சண்டை வந்துடுச்சு. "நம்பர் பெருசு, இது என் வண்டி"ன்னாங்க அகலம் அம்மா. "அளவு அசல், இது என் வண்டி"ன்னாரு அசல்காரர். ஒடுக்கம் சார்பா அந்தக் கோட்டை யாரோ எடுத்துட்டு வந்து பக்கத்துல வெச்சாங்க, அதுக்கும் ஒரு ஓட்டு உண்டாம். ஒரு தப்பான டயர் சரியான அளவு காட்டறது வாரியத்துக்கே அவமானம்னு முடிவு பண்ணினாங்க. டயரைத் திருத்த முடியாது, என்னைத் திருத்தியாச்சு, மிச்சம் டேப்புதான். கழுத்துல இருந்த டேப்பைக் கழட்டி கத்திரிக்கோலால ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டு, மறுபடி ஒட்டி, மறுபடி அளந்தாங்க. முந்நூத்தி அஞ்சு வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. அவர் கண்ணுல தண்ணி.

வண்டி பாஸ்.

எனக்கு ஒரே சந்தோஷம் அக்கா. "சார், அப்போ டிரைவர் அனுமதி?"ன்னு கேட்டேன்.

டேப்பு முகம் மாறிடுச்சு. என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சாரு.

"உங்க டிரைவர் விஷயம் எங்களுக்கும் வருத்தம்தான் சார். நல்ல பையன்னு சொன்னாங்க. நூத்தி எண்பத்தஞ்சு, இல்ல?"

"எந்த விஷயம் சார்?"

"இந்த வண்டி பேர்ல ஒரு சாவு தகவல் வந்திருக்கு. இதுல ரெண்டே பேருதான், நீங்க, உங்க டிரைவர். நீங்க என் எதிர்ல நிக்கறீங்க. அளந்தும் பார்த்தாச்சு."

"சார், செத்தது முதலாளி. நான் டிரைவர். நீங்கதானே என்னை மாற்று ஆளா வரச் சொன்னீங்க!"

"மாற்றுன்னா என்ன சார்? அளவு ஒத்துப்போற வரைக்கும்தான் அது மாற்று. ஒத்துப்போயிட்டா அதுதான் அசல். இல்லைன்னா இந்த ஆபீஸுக்கு என்ன அர்த்தம்?"

"என் முகத்தைப் பாருங்க சார்!"

"முகம் எங்க பிரிவு இல்ல." குரலைத் தாழ்த்தினாரு. "துக்கத்துல இப்படித்தான் வரும். எத்தனையோ பேரு இங்க நின்னு, நான்தான் அவன், நான்தான் அவன்னு அழுதிருக்காங்க. நாங்க யாரையும் தப்பா நினைச்சதில்ல."

நான் கத்தினேன். கத்தறது கூட எனக்கே வேற யாரோட குரல் மாதிரி கேட்டுச்சு. காவலாளி தண்ணி கொண்டுவந்தாரு. இதை யாரு மறுக்கலாம்னு கேட்டேன். ஏதாவது ஒரு வழி இருக்கும் இல்ல?

"இருக்கு"ன்னாரு டேப்பு. "செத்தவரோட வீட்டார் மறுக்கலாம். நாங்க வீட்டுக்குத் தகவல் அனுப்புவோம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டா, துக்கத்தை ஏத்துக்கிட்டதா அர்த்தம், அத்தோட முடிஞ்சுது. வாங்கலைன்னா ஆள் உயிரோட இருக்கறதா வெச்சுக்கிட்டு முதல்ல இருந்து பார்க்கணும்."

"யாராவது வாங்காம இருந்திருக்காங்களா?"

"இல்ல சார். வெளிநாட்டுல இருந்து தபால்னா எல்லா வீட்டுலயும் ஓடி வந்து வாங்கிடறாங்க. பையன் ஏதோ அனுப்பியிருக்கான்னு."

அக்கா, இந்த இடத்துல நான் கொஞ்சம் நிறுத்திக்கறேன்.

சரி. வண்டியை எடுத்துக்கிட்டு வந்தேன். புது டயர் சத்தமே போடலை. வாசல்ல முதலாளியம்மா நின்னாங்க. தினமும் உள்ளயே இருக்கறவங்க, இன்னைக்கு வாசலுக்கு வந்திருந்தாங்க. தலை வாரி, நல்ல உடுப்பு போட்டிருந்தாங்க.

"வந்துட்டீங்களா?"ன்னாங்க.

வந்த நாள்ல இருந்து என்னை வா போன்னு கூப்பிட்டவங்க.

கூடத்துல ஒரு அட்டைப்பெட்டி கட்டி வெச்சிருந்தாங்க. மேல நம்ம வீட்டு விலாசம். என் ரெண்டு சட்டை, பல்லு போன சீப்பு, நீ கொடுத்துவிட்ட போர்வை, நாம எல்லாரும் சேர்ந்து நிக்கற போட்டோ. போட்டோவைத் துணியில சுத்தி, உடையாம நடுவுல வெச்சிருக்காங்க.

"அந்தப் பையனோட சாமான். அவங்கம்மாவுக்குப் போய்ச் சேரட்டும். வாரியத்துல இருந்து ஆள் வந்து எடுத்துட்டுப் போவாங்களாம்."

"அம்மா, நான்தான் அந்தப் பையன். உங்களுக்குமா தெரியலை?"

அவங்க என்னை நேரா பார்த்தாங்க. அவர் செத்தப்புறம் என்னை நேரா பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தெரியும் தம்பி"ன்னாங்க. "எனக்கா தெரியாது?"

கோட்டோட கழுத்துப் பட்டியை இழுத்து நேராக்கி விட்டாங்க. கை அங்கேயே இருந்துச்சு.

"அடுத்த பரிசோதனை வரைக்கும் இருங்களேன். ஒரே ஒரு வருஷம். உங்களுக்கு இனிமே அனுமதியே தேவையில்ல. இது உங்க வீடுதானே."

அவங்க மேல எனக்குக் கோவம் வரலை அக்கா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அவங்க சொன்னதும் உண்மைதான். முதலாளிக்கு எதுக்கு அனுமதி? நான் இங்க எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கலாம். நம்ம வீட்டுக்கு வரத்தான் வழியில்ல, ஏன்னா வரவேண்டியவன் செத்துட்டான். சாப்பாடு ஆறுதுன்னு சொன்னாங்க. வண்டியில ஒரு சாமானை விட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டு இங்க வந்து உட்கார்ந்து பேசறேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவங்க நிக்கற நிழல் தெரியுது. பெட்டியை வாரியத்து ஆள் வந்து எடுத்துட்டுப் போயிட்டான், இப்போதான், பார்த்தேன். அவன் என்னைப் பார்த்து சல்யூட் அடிச்சான்.

அதனால இந்த போன் யாரு கையில இருந்தாலும் சரி, அக்காவோ, மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரங்களோ, இதைச் செய்யுங்க. தபால்காரர் வருவாரு. ஒரு பெட்டி, ஒரு கவர். பெட்டி மேல நம்ம விலாசம் அழகான கையெழுத்துல இருக்கும். அம்மாவை வாசலுக்கு விடாதீங்க. என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்க ஆசைப்படாதீங்க. யாரும் கையெழுத்துப் போட்டு வாங்காதீங்க. இந்த வீட்ல யாரும் சாகலைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுங்க.